நாற்பத்து மூன்று காலி மாடிகள்

மேஜை மேல் கோப்பு அடுக்குவது என் வேலை இல்லை. நான் சர்வேயர். ஆனால் மன்றக் கூட்டம் நடக்கும் நாளில் எங்கள் மாநகராட்சியில் யாருக்கு எது வேலை என்பதெல்லாம் காற்றில் பறந்துவிடும். அன்று காலை ஒன்பது மணிக்கு, இருபத்தொரு மேஜையிலும் தலா ஒரு கோப்பு வை என்று என்னை அனுப்பிவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் வைத்தேன். ஏழாவது மேஜையில் ஒரு கோப்பு கைதவறி விழுந்து தாள்கள் சிதறின. குனிந்து பொறுக்கும்போது கண்ணில் பட்டது: ‘இணைப்பு மூன்று. மையக் கடைவீதியில் காலியாக உள்ள மேல்மாடிகள்.’ மொத்தம் நாற்பத்து மூன்று வரிகள். கடைசியில், கணக்கெடுத்தவர் என்ற இடத்தில் என்னுடைய பணி எண்.

அந்தத் தாளோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஓட்டுக்கு வரப்போகும் தீர்மானம் நல்ல தீர்மானம். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்லது. எங்கள் நகரத்தின் நடுவில் இருக்கும் கடைவீதி பகலில் எள் விழ இடமில்லாமல் இருக்கும், ஷட்டர்கள் இறங்கியதும் செத்துவிடும். அங்கே மறுபடியும் மனிதர்களைக் குடிவைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். மரம், பெஞ்சு, விளக்கு, கழிப்பறை, மாலைக்கு மேல் வண்டிகளுக்குத் தடை. பெஞ்சு எங்கெங்கே வரவேண்டும் என்று வரைந்ததே நான்தான். கூடவே, கடைகளுக்கு மேலே காலியாகக் கிடக்கும் மாடிகளை அறுபது நாளில் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்து, இடித்துக் கட்டி, புதுக் குடியிருப்புகளாக்குவது. எந்தெந்த மாடிகள் என்று அதுவரை எனக்கு யாரும் காட்டவில்லை. அந்தக் காலி மாடிகளின் பட்டியல்தான் என் கையில் இருந்தது.

அதில் பதினோரு மாடிதான் காலி. மீதி முப்பத்திரண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இருபத்தாறாம் வரியில், பூட்டுக்கடைக்கு மேலே, என் அக்கா இருக்கிறாள்.

தெரிந்தே எழுதிய பொய் அது. ஆனால் கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டடங்கள் பழையவை, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு படிக்கட்டு. ஒற்றைப் படிக்கட்டு உள்ள மாடியில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது விதி. சர்வேயர் ‘குடியிருப்பு’ என்று எழுதினால் போதும், தீயணைப்புத் துறை பதினைந்து நாள் நோட்டீஸை ஒட்டிவிடும். உரிமையாளர்கள் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்காமல் வாடகைக்கு விட்டிருப்பதால், வெளியேற்றினால் கேட்க நாதி இல்லை. அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பின்சந்துப் பக்கம் ஏறிப் பார்ப்போம். அடுப்பு இருக்கும், பாய் இருக்கும், பள்ளிக்கூடப் பை இருக்கும். இறங்கி வந்து ‘காலி’ என்று எழுதிவிடுவோம். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொன்னதில்லை. மூன்று வருடம் முன்பு அந்தக் கணக்கெடுப்பு வந்தபோது நானும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, “பயப்படாதீங்க, காலின்னு எழுதிட்டேன்” என்று சொல்லிவிட்டு, ஏதோ புண்ணியம் சேர்த்த மாதிரி நடந்து போனேன்.

திட்டப் பிரிவின் தலைமை அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல். கையில் எப்போதும் ஓர் அடி ஸ்கேல் இருக்கும். அதை வைத்துக் கோடு போடுவதைவிட முதுகு சொறிவதுதான் அதிகம். ஓடிப்போய் அவர் மேஜையில் தாளை வைத்தேன்.

“சார், இணைப்பு மூணு தப்பு.”

“எது தப்பு, கூட்டலா?”

“காலின்னு இருக்கறது காலி இல்ல சார்.”

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். “கதவைச் சாத்தும்மா” என்றார்.

சாத்தினேன்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் சர்வேயரா இருந்தப்ப நானும் இப்படித்தான் எழுதினேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான். நாலு பேரைத் தெருவுல நிறுத்தற பாவம் நமக்கெதுக்கு?”

“அப்புறம் ஏன் சார் இந்தப் பட்டியலைக் கொடுத்தீங்க?”

“காலி மாடி எதெதுன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல இருக்கறது இந்தப் பட்டியல்தான். இல்லன்னு சொல்ல முடியுமா?”

“அறுபது நாள்ல எல்லாரும் தெருவுக்கு வந்துடுவாங்க.”

“முதல்ல ஓட்டு முடியட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா பார்த்துக்கலாம். இப்ப வாயைத் திறந்தா பொய்யா கணக்கு கொடுத்தேன்னு நீயே ஒத்துக்கற மாதிரி ஆயிடும். வேலை போயிடும். எனக்கு ரிட்டையராக எட்டு மாசம் இருக்கு, என்னை இதுல இழுக்காத.” மறுபடி ஸ்கேலை எடுத்துக்கொண்டார். “ஆமா, உன் அக்கா அந்தத் தெருவுலதானே இருக்காங்க?”

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் அக்கா தையல் வேலை செய்கிறாள். புதுத் துணி தைப்பதில்லை, ஆல்ட்டரேஷன் மட்டும். வீதியில் இருக்கும் ஆயத்த ஆடைக் கடைகளில் பேன்ட் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் நீளம் சரியாக இருக்காது. அதெல்லாம் மூட்டையாக அக்காவிடம் மேலே வரும், மாலைக்குள் கீழே போகும். கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் அந்த வேலை. நகரத்தின் ஓரத்துக்குக் குடிபோனால் மூட்டை வராது. அம்மா போன பிறகு என்னைச் சர்வே டிப்ளமா படிக்க வைத்தது அந்தப் பேன்ட் மூட்டைகள்தான். அத்தான் பேருந்து ஓட்டுகிறார், ஒரு பெண் குழந்தை, இரண்டு அறை. ஜன்னலுக்கு உள்பக்கம் அட்டை அடித்து வைத்திருப்பார்கள், விளக்கு வெளிச்சம் தெருவுக்குத் தெரியக்கூடாது என்று.

போன் போட்டேன். பின்னால் மிஷின் ஓடும் சத்தம்.

“அக்கா, நான் சொல்றதைக் கேட்டுப் பதறாத.”

“நீ இப்படி ஆரம்பிச்சாலே பதறுது. என்ன?”

சொன்னேன். மிஷின் நின்றது.

“நீதானடி காலின்னு எழுதின?”

“நீதானே எழுதச் சொன்ன?”

“நான் சொன்னா? நான் கிணத்துல குதின்னு சொன்னா குதிப்பியா?”

“அக்கா, இன்னிக்குக் கூட்டத்துல நான் உண்மையைச் சொல்லிடறேன்.”

“சொல்லி? இங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா பதினஞ்சு நாள்ல வெளியே போ. காலின்னே இருந்தா அறுபது நாள்ல வெளியே போ. இதுல எது நல்லதுன்னு படிச்சவ, நீயே சொல்லு.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“என் பேரை எடுக்காத. எடுத்தேன்னு வச்சுக்கோ, உனக்கு அக்கா கிடையாது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் கோபத்தில் பேசினால் அதில் பாதியைக் கழித்துவிடலாம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அன்று எதையும் கழிக்கத் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு மன்றம் நிறைந்துவிட்டது. தீர்மானம் கொண்டுவந்தவர் ஒரு பல் டாக்டர். கவுன்சிலராகி இரண்டு வருடத்தில் இதற்காகவே அலைந்தவர். யாரிடமும் கை நீட்டாதவர், பொய் பேசாதவர். வில்லன் மாதிரி யாராவது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பார்வையாளர் பக்கத்தில் கட்டட உரிமையாளர் சங்கத் தலைவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் படம் காட்டுவது என் பொறுப்பு.

“ஏழு மணிக்கு ஷட்டர் இறங்கினா அந்தத் தெருவுல மனுஷ வாடையே இல்ல” என்று டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். “வேலை முடிச்சு வர்ற ஒரு பொண்ணு அந்த வழியா தனியா நடக்க பயப்படறா. போலீஸ் போட்டா பயம் போயிடாது. மேல ஒரு ஜன்னல்ல விளக்கு எரிஞ்சா போதும், யாரோ இருக்காங்கன்னு தைரியம் வரும். எனக்கு அந்த விளக்குதான் வேணும். அடுத்த படம்.”

அடுத்த படம் கடைவீதியின் வரைபடம். நாற்பத்து மூன்று மாடிகளும் பச்சை நிறத்தில். பூட்டுக்கடை மாடியும் பச்சை.

“அடுத்தது” என்றார் டாக்டரம்மா.

என் விரல் பொத்தானை அழுத்தவில்லை. “மேடம், இந்தப் படம் தப்பு. அந்த மாடிகள்ல ஏற்கெனவே ஆள் இருக்காங்க. விளக்கும் எரியுது. வெளியே தெரியாம மறைச்சு வச்சிருக்காங்க.”

மேயர் மணியைத் தட்டினார். “ஊழியர்கள் மன்றத்துல பேசக்கூடாது.”

“பேசட்டும்” என்றார் டாக்டரம்மா. என் பக்கம் திரும்பினார். “பட்டியல் நீங்க எடுத்ததுதானே?”

“ஆமா மேடம். தெரிஞ்சேதான் காலின்னு எழுதினேன். குடியிருப்புன்னு எழுதினா நோட்டீஸ் ஒட்டி வெளியேத்திடுவாங்கன்னு அப்படி எழுதினேன். முப்பத்திரண்டு மாடியில குடும்பங்க இருக்கு.”

அரங்கம் சந்தைக்கடையானது. ஸ்கேல் எழுந்து நின்று, அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் உட்கார்ந்தார். சங்கத் தலைவர் துள்ளி எழுந்தார். “அபாண்டம்! அந்தக் கட்டடங்கள்ல ஈ காக்கா கிடையாது. இந்தம்மா எதுக்கு இப்படிச் சொல்றாங்கன்னு விசாரிக்கணும்.”

“விசாரிப்போம்” என்றார் மேயர். “முப்பத்திரண்டு வேணாம். ஒண்ணே ஒண்ணு. எந்த மாடியில யார் இருக்காங்க, ஒண்ணைச் சொல்லு. இல்லன்னா பேசாம உட்காரு.”

நான் திரையைப் பார்த்தேன். பச்சையில் இருந்த நாற்பத்து மூன்றில் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நடக்கத் தெரிந்த ஒரே மாடி இருபத்தாறு. வாயைத் திறந்தால் அக்கா இல்லை, திறக்காவிட்டால் வீடு இல்லை. மேயர் மணி மேல் கையை வைத்தார்.

“இருபத்தாறு” என்று பார்வையாளர் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “பூட்டுக்கடை மேல. எட்டு வருஷமா இருக்கோம்.”

அக்கா நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் இருந்த இஞ்சு டேப்பைக் கழற்றக்கூட மறந்து வந்திருக்கிறாள்.

“ஆதாரம்?” என்றார் சங்கத் தலைவர்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க போட்டிருக்கற பேன்ட், நேத்து கடையிலேர்ந்து ‘தலைவர், அவசரம்’னு சீட்டு குத்தி மேல வந்துச்சு. இடுப்புல ரெண்டு இன்ச் பிரிச்சு விட்டேன். எங்க உட்கார்ந்து பிரிச்சேன்னு நினைக்கிறீங்க?”

சிரிப்பு அடங்க நேரமானது. தலைவர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் மேயர் சிரிக்கவில்லை.

“சரி, ஒண்ணு” என்றார். “இருபத்தாறைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம். நாற்பத்திரண்டு. தீர்மானத்தைத் தள்ளிப்போட முடியாது, இன்னிக்கே ஓட்டு. மூணு மணி வரைக்கும் அவகாசம். எந்த மாடியிலேர்ந்து குடியிருக்கறவங்க கையெழுத்து வருதோ, அது பட்டியல்ல இருக்காது. வராதது காலிதான்.”

“கையெழுத்து போட்டவங்களுக்கு நாளைக்கே தீயணைப்பு நோட்டீஸ் வருமே?” என்று நான் கேட்டேன். எனக்கு அதற்குள் பயம் விட்டுப்போயிருந்தது.

டாக்டரம்மா கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார். “ஒரு வரி சேர்க்கறேன். கையெழுத்து போட்ட மாடிக்கு நோட்டீஸ் கிடையாது. விதிப்படி ரெண்டாவது வழியா, பின்சந்துல இரும்புப் படிக்கட்டு மாநகராட்சியே கட்டும். ஆனா இது தீர்மானத்துல ஒரு வரி, அவ்வளவுதான். தீர்மானம் ஜெயிச்சாத்தான் இதுக்கு உயிர். தோத்துப்போனா என்னால எந்த உத்தரவாதமும் தர முடியாது.”

அதாவது, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டில் தோற்றால், தன்னைத் தானே காட்டிக்கொடுத்த கதைதான். அக்கா ஏற்கெனவே காட்டிக்கொடுத்துக்கொண்டாயிற்று.

பின்சந்துக்குப் போகும்போது மணி பன்னிரண்டு பத்து. அக்கா என்னோடு பேசவில்லை. என் கையிலிருந்த கையெழுத்துத் தாள்களில் பாதியைப் பிடுங்கிக்கொண்டாள். “நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்” என்றாள். அவ்வளவுதான்.

அவள் பக்கம் வேலை வேகமாக நடந்தது. அவள் அந்தச் சந்தின் மனுஷி. எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ, “இங்க யாருமில்ல” என்றார்கள். “யாருமில்லன்னு சொல்றது யாரு?” என்றாள் அக்கா. “நானும் இல்ல” என்று பதில் வந்தது. “வாட்ச் ரிப்பேர் அண்ணே, கதவைத் திறங்க, நேரம் பார்த்துச் சொல்ற உங்களுக்கு நான் நேரம் சொல்லணுமா?” என்றாள். கதவு திறந்தது.

என் பக்கம் அப்படி இல்லை. ஹோட்டலில் பாத்திரம் கழுவும் அண்ணன் தம்பி இருவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். போட்டோ லேப்காரர் படித்துவிட்டு, “ஓட்டு தோத்தா நீ பதில் சொல்லுவியா?” என்று கேட்டார். என்னால் முடியாது என்றேன். உண்மையைச் சொன்னதற்காகவே போடுகிறேன் என்று போட்டார். அடுத்த இரண்டு கதவுகள் திறக்கவே இல்லை, உள்ளே ரேடியோ மட்டும் சட்டென்று அணைந்தது. ஒருவர் தாளை வாங்கி நாலாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். மணி ஒன்று ஐம்பது.

ஸ்டேஷனரிக் கடை மாடியில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். சங்கிலி போட்ட கதவை விரலளவு திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“நீங்களா? மூணு வருஷம் முன்னாடி இதே இடத்துல நின்னீங்க. ‘பயப்படாதீங்க, காலின்னு எழுதிட்டேன்’னீங்க. அன்னிக்கு ராத்திரிதான் நான் ரொம்ப நாளைக்கப்புறம் தூங்கினேன்.”

விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“கையெழுத்து போட்ட பட்டியலை என்ன பண்ணுவாங்க?”

“மன்றத்துல படிப்பாங்க. அறிவிப்புப் பலகையில ஒட்டுவாங்க.”

“பேரோட?”

“பேரோட, மாடியோட.”

அவள் கதவுச் சங்கிலியைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. எப்போதோ உடைந்து, யாரும் சரியாகக் கட்டாமல் கூடிய எலும்பு. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

“இதைப் பண்ணினவன் இன்னும் என்னைத் தேடிட்டிருக்கான். ஆறு ஆஸ்பத்திரியில போய்க் கேட்டிருக்கான். நான் இங்க இல்லங்க. தயவு செஞ்சு இல்லன்னே வச்சுக்கோங்க.”

“அறுபது நாள்ல இடிக்க வருவாங்களே.”

“அறுபது நாள் இருக்கே” என்றாள். அவளுக்கு அது நீண்ட காலமாகத் தெரிந்தது.

மூன்று வருடம் முன்பு அவளுக்கு நான் நல்லது செய்ததாக நினைத்ததும் பொய்யில்லை, இப்போது அவளை நடுத்தெருவில் நிறுத்துவதும் பொய்யில்லை. இரண்டையும் செய்தது ஒரே பேனா. “உங்க மாடியை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும்” என்றேன். தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் பெயரை நான் கேட்கவே இல்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நானும் அக்காவும் மூச்சிரைக்க மன்றத்தில் நின்றோம். அக்காவையும் சேர்த்துப் பத்தொன்பது கையெழுத்து. ஆள் இருந்தும் போடாதவர்கள் பதின்மூன்று.

மேயர் எண்ணிப் பார்த்தார். “பத்தொன்பது போச்சு. மீதி இருபத்துநாலு. சர்வேயர், இந்த இருபத்துநாலும் காலின்னு எழுதி ஒரு கையெழுத்து போடுங்க. ஓட்டுக்குப் போகலாம்.”

ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் நகர்த்தினார்கள்.

போட்டிருக்கலாம். அதுவரை எத்தனையோ முறை போட்ட கையெழுத்துதான். போட்டால் தீர்மானம் சுலபமாக ஜெயிக்கும், அக்காவுக்கு இரும்புப் படிக்கட்டு வரும், கூடப் பதினெட்டுக் குடும்பம் தலைநிமிர்ந்து இருக்கும். “போட்டுடு” என்று அக்கா பின்னாலிருந்து என் முதுகில் விரலால் குத்தினாள். “அவங்கதானே வேணாம்னாங்க. போடு.”

பேனாவை மூடினேன்.

“இருபத்துநாலுல பதினொண்ணுதான் காலி” என்றேன். “பதிமூணுல ஆள் இருக்காங்க. எது காலி, எதுல ஆள்னு நான் சொல்ல மாட்டேன்.”

மேயர் முகம் சிவந்தது. “என்ன விளையாட்டா? சொல்லலன்னா இன்னியோட வேலை கிடையாது.”

“தெரியும் சார். இனிமே இந்தப் பட்டியலை வச்சு ஒரு கதவைக்கூட நீங்க இடிக்க முடியாது. எந்தக் கதவுக்குப் பின்னால ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. மன்றத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், பதிவாயிடுச்சு.”

டாக்டரம்மா எழுந்து என் மேஜைக்கே வந்துவிட்டார். அவர் கோபத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை. “இந்த இணைப்பு இல்லன்னா என் திட்டத்துல வீடே இல்ல, புரியுதா? வெறும் மரமும் பெஞ்சும்தான். உரிமையாளர்களுக்கு ஆதாயம் இல்லன்னு பாதிக் கவுன்சிலருங்க ஓட்டை மாத்திடுவாங்க. தோத்துடும். தோத்தா அந்தப் பத்தொன்பது பேர் கதி என்ன? உங்க அக்கா கதி?”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் ஏன்?”

“சொன்னா உயிருக்கே ஆபத்து, அப்படி ஒருத்தங்க இருக்காங்க.”

அவர் என் முகத்தையே பார்த்தார். வாய்க்குள் எது சொத்தை, எது வலியில் கத்துவது என்று பார்க்கிற பார்வையாக இருந்திருக்கும். பிறகு தன் கோப்பிலிருந்து இணைப்பு மூன்றை உருவி, குறுக்கே ஒரு கோடு போட்டு, மேயர் மேஜையில் வைத்தார். “இணைப்பை எடுத்துட்டேன். படிக்கட்டு வரி இருக்கட்டும். ஓட்டுக்கு விடுங்க.”

கைகளை எண்ணினார்கள். சங்கத் தலைவர் முன்வரிசையில் இருந்து ஒவ்வொரு கவுன்சிலரையும் முறைத்தார். காலையில் டாக்டரம்மாவோடு சிரித்துப் பேசிய மூன்று பேர் கையைத் தூக்காமல் கூரையைப் பார்த்தார்கள். ஏழு, எட்டு. அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. ஒன்பது, பத்து. கடைசி மேஜையில் ஒரு வயதான கவுன்சிலர், கோப்பைக் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டே இருந்தார். மேயர் இரண்டு முறை கேட்டார். அவர் பக்கத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், பிறகு கையைத் தூக்கினார். பதினொன்று. எதிராகப் பத்து.

என் அடையாள அட்டையை மேயர் அங்கேயே கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். ஸ்கேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிப்படியில் இறங்கும்போது அக்கா பாதிப் படியில் நின்றுவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து நெருங்கினேன். அவள் அழவில்லை.

“ஒரு ஓட்டு” என்றாள். “அந்தக் கிழவர் தூங்கியிருந்தா நான் என் பொண்ணைக் கூட்டிட்டு எங்க போவேன்? என் வீட்டை வச்சு சூதாடிட்டியேடி.”

“அக்கா...”

“யாருக்காக? யாரு அந்த உயிருக்கு ஆபத்து? சொல்லு. எனக்காவது சொல்லு.”

எந்த ரகசியத்தையும் அவளிடம் ஒரு நாளைக்கு மேல் வைத்திருந்தது கிடையாது. அன்று சொல்லியிருந்தால் அவள் கோபம் அந்த இடத்திலேயே கரைந்திருக்கும், எனக்குத் தெரியும். அவளைவிட யாரையும் நான் நம்பியதில்லை. ஆனால் அது என்னுடைய ரகசியமில்லையே.

“நீ எழுந்து நின்னுட்டக்கா” என்றேன். “அவங்களால நிக்க முடியாது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.”

அவள் என்னை விட்டுவிட்டுத் தனியாக நடந்து போனாள். நான் கூப்பிடவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி, அவளுக்குப் பதில் பாக்கி இருக்கிறது, இன்றைக்கும் பாக்கிதான். மறுபடி அந்தத் தாளை முன்னால் வைத்தாலும் அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் வீட்டைப் பணயம் வைக்கவில்லை நான், அவள் வீட்டைத்தான் வைத்தேன்.

மூன்று நாள் அக்கா என் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் அத்தான் பேருந்தை என் வீட்டு நிறுத்தத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “உங்கக்கா சொல்லச் சொன்னா. பேன்ட் மூட்டை குவிஞ்சு கிடக்காம், ஓரம் மடிச்சு அடிக்க ஆள் வேணுமாம். எதையும் கேக்க மாட்டாளாம். ஏறு.”

ஏறிக்கொண்டேன்.